அத்தியாயம் 7: ராணுவ டெண்டருக்கு விலை போடுவது

இரண்டு சி.என்.சி., நான்கு லேத், ஒரு கிரைண்டிங் மெஷின். பம்ப் கம்பெனிக்கும் ஸ்பின்னிங் மெஷின்காரருக்கும் ஜாப் ஒர்க். மாதக் கடைசியில் ஓ.டி. கணக்கு வரம்பை முட்டிக்கொண்டு நிற்கும். இப்படி ஒரு பட்டறை வைத்திருப்பவர் ராணுவத்துக்குச் சப்ளை செய்ய நினைத்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதுதான் இந்த அத்தியாயம். பீரங்கி செய்பவர்களுக்கு வேறு புத்தகம் இருக்கிறது. நாம் பார்க்கப் போவது பின், புஷ், பிராக்கெட், வாஷர்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வெளிச் சந்தையில் ஒரு பம்ப் கம்பெனி விலையை நசுக்கினால் அடுத்த கம்பெனிக்குப் போகலாம். டாங்கிக்கான டிராக் பின்னை வாங்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு. விலை, டிராயிங், ஆய்வு, பணம் வரும் தேதி எல்லாவற்றையும் அந்த ஒருவரே தீர்மானிப்பார். உங்கள் கையில் இருப்பது டெண்டரில் எழுதும் எண் ஒன்றுதான். அதை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு பேரம் கிடையாது.

எந்தக் கதவைத் தட்டுவது?

2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். தளவாடங்கள் வாங்க வைத்த தொகையில் 75 சதவீதம், அதாவது சுமார் 1.11 லட்சம் கோடி, உள்நாட்டுத் தயாரிப்புக்கு என்று அறிவித்தார்கள். இந்த எண்ணைக் கேட்டு யாரும் கடன் வாங்கி மெஷின் வாங்க வேண்டாம். அந்தப் பணம் நம்மிடம் வருவதற்குள் நான்கு மதகு தாண்டி வர வேண்டும்.

2021 செப்டம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகள் செய்ய 7,523 கோடி ரூபாய்க்கு ஆர்டர் போனது. இது மூலதனக் கொள்முதல். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறையின் கீழ் இத்தகைய ஆர்டர்கள் வரும், ஆண்டுக்கணக்கில் ஓடும். அந்த ஆலை உதிரிகளுக்கு டெண்டர் விடும். பெரிய உதிரியை எடுப்பவர் சின்ன உதிரியை வெளியே கொடுப்பார். நம் பின் அங்கேதான் இருக்கிறது. இது போக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கான உதிரி, பராமரிப்பு, சீருடை, உணவு எல்லாம் வருவாய்க் கொள்முதல். அதற்குத் தனிக் கையேடு உண்டு. அதன் புதிய பதிப்பு 2025 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இருப்பவருக்குத் தூரம் ஒரு சாக்காக இருக்க முடியாது. 2021 அக்டோபர் 1 அன்று பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் 41 ஆலைகளை 7 கம்பெனிகளாகப் பிரித்தார்கள். அவற்றில் ஆவடி, திருச்சி, அருவங்காடு என நம் மாநிலத்திலேயே ஆறு ஆலைகள் உண்டு. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் முனைகள்.

புதிதாக வருபவருக்கு என் சிபாரிசு இந்த வரிசை:

1. முதல் ஆண்டு, ஏற்கெனவே ராணுவ ஆர்டர் செய்யும் பெரிய கம்பெனியிடம் ஜாப் ஒர்க் எடுங்கள். லாபம் கம்மிதான். ஆனால் அந்த டிராயிங்கைப் படிக்கவும், ஆய்வுக்கு என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்பதைப் பார்க்கவும் அவர்கள் செலவில் கற்றுக்கொள்வீர்கள்.
2. இரண்டாம் ஆண்டு, ஆலைகள் நேரடியாக விடும் 5, 10 லட்ச ரூபாய் டெண்டர்கள்.
3. அதன் பிறகு, 2020-ல் தொடங்கிய சிருஜன் தளத்தில், இதுவரை வெளிநாட்டிலிருந்து வாங்கிய உதிரிகளின் பட்டியலைப் பாருங்கள். செய்ய முடியும் என்று தோன்றினால் விருப்பம் தெரிவிக்கலாம். மாதிரி செய்ய உங்கள் கைக்காசு போகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

இதை நீட்ட வேண்டியதில்லை. உத்யம் பதிவு, ஜி.எஸ்.டி., பான், மூன்றாண்டு ஆடிட் செய்த கணக்கு, மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்து, ஐ.எஸ்.ஓ. 9001 சான்று. விமான உதிரி என்றால் ஏ.எஸ். 9100 கேட்பார்கள். அரசின் ஜெம் தளத்திலும், பாதுகாப்புத் துறையின் மின்கொள்முதல் தளத்திலும் பதிவு.

குறிப்பு: உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. 3,000 ரூபாய் கேட்டு அழைக்கும் 'ஏஜென்டு'களிடம் போனை வைத்துவிடுங்கள். ஆதார் எண்ணோடு உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை. இதை முதல் ஆர்டருக்கு முன்பே முடித்து வையுங்கள். பணம் தாமதமானால் சட்டத்தின் துணையை நாட இந்தப் பதிவுத் தேதி வேண்டியிருக்கும்.

குறு, சிறு நிறுவனமாக இருப்பதால் உங்களுக்கு மூன்று சலுகைகள். டெண்டர் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகையான ஈ.எம்.டி. கட்ட வேண்டாம். மத்திய அரசு அமைப்புகள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3, பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதம். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இவை கிடையாது. நீங்களே செய்ய வேண்டும்.

இங்கே பலர் சறுக்கும் இடம்: ஈ.எம்.டி. விலக்கு கிடைத்ததும், செயல்திறன் உத்தரவாதத்துக்கும் விலக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். கிடையாது. ஆர்டர் மதிப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை வங்கி உத்தரவாதமாகவோ டெபாசிட்டாகவோ கொடுத்தே ஆக வேண்டும்.

டெண்டரைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

எழுபது பக்கம் இருக்கும். முதல் நாற்பது பக்கம் எல்லா டெண்டரிலும் ஒன்றுதான். இந்த வரிசையில் படித்தால் ஒரு மணி நேரத்தில் 'போடலாமா, விடலாமா' என்று தெரிந்துவிடும்.

1. டிராயிங். அதிலும் முதலில் டைட்டில் பிளாக்குக்கு மேலே எறும்பு எழுத்தில் இருக்கும் குறிப்புகள். அளவுகளை அப்புறம் பாருங்கள்.
2. தர உறுதித் திட்டம். எந்தச் சோதனை, எத்தனை பீஸுக்கு, யார் முன்னிலையில்?
3. தகுதி நிபந்தனை. மூன்றாண்டு சராசரி விற்றுமுதல், முன் அனுபவம். குறு, சிறு நிறுவனத்துக்குத் தளர்வு உண்டா என்பதை வாங்குபவரே தீர்மானிப்பார். சொல்லாவிட்டால் இருப்பதாக ஊகிக்காதீர்கள், எழுதிக் கேளுங்கள்.
4. டெலிவரி தேதி எங்கிருந்து எண்ணப்படுகிறது? ஆர்டர் தேதியிலிருந்தா, மாதிரி ஒப்புதலிலிருந்தா? இந்த ஒரு வரி இரண்டு மாத வித்தியாசம்.
5. பணம் கொடுக்கும் விதி, தாமத அபராதம், கூடுதல் ஆர்டர் விதி.
6. உள்நாட்டு மதிப்பு. பாதிக்கு மேல் உள்நாட்டில் சேர்த்திருந்தால் முதல் வகுப்பு உள்நாட்டு சப்ளையர். சான்றிதழில் நீங்கள் எழுதும் சதவீதத்துக்கு நீங்களே பொறுப்பு.
7. திருத்த அறிவிப்புகள். கடைசி நாள்வரை வரும்.

சந்தேகம் இருந்தால் ஏலத்துக்கு முந்தைய கூட்டத்தில் கேளுங்கள். வாயால் வந்த பதிலை நம்பி விலை போடாதீர்கள். திருத்தமாக வெளியான பிறகுதான் அது பதில்.

விலை: முழுக் கணக்கு

இந்த அத்தியாயத்தை எழுதியதே இந்தப் பகுதிக்காக. நம் ஊர்ப் பட்டறைகளில் விலை போடும் விதம் தெரிந்ததுதான். மெட்டீரியல், மெஷின் நேரம், வெளிவேலை, அதன் மேல் 15 சதவீதம். பம்ப் கம்பெனிக்கு இது சரி. சனிக்கிழமை சரக்கு போகும், அடுத்த மாதம் செக் வரும். ராணுவ ஆர்டரில் இந்தக் கணக்கு முதலையே தின்றுவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். விலைகள் விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 600 பின், ஈ.என்.24 எஃகு, ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங், பிளேட்டிங். ஒரு பின்னுக்கு:

எஃகு 2 கிலோ, கிலோ 140 வீதம்: 280 ரூபாய்
டர்னிங், கிரைண்டிங்: 310
ஹீட் ட்ரீட்மென்ட்: 60
பிளேட்டிங்: 45

ஆக 695. பட்டறைக் கணக்கில் 15 சதவீதம் சேர்த்தால் 799. இந்த விலையைப் போட்டால் பெரும்பாலும் எல்-1, அதாவது ஆகக் குறைந்த விலைக்காரர், நீங்கள்தான். பக்கத்துப் பட்டறைக்காரர் கை குலுக்குவார். இனி விட்டுப்போனவற்றைப் பாருங்கள்.

ஃபிக்ஸ்சர், த்ரெட் கேஜ், அவற்றின் காலிபரேஷன் 42,000 ரூபாய். 600-ஆல் வகுத்தால் 70. அங்கீகாரம் பெற்ற லேபில் ரசாயனம், இழுவிசை, கடினத்தன்மை சோதனைகளுக்கு 18,000, பீஸுக்கு 30. அறுத்துப் பார்க்கவும் அலமாரியில் வைக்கவும் போகும் மாதிரி 12 பீஸ், 9,000 ரூபாய், பீஸுக்கு 15. ரிஜெக்ஷன் 4 சதவீதம் என்றால் 28. துருப்பிடிக்க விடாத கவர், மரப்பெட்டி, லாரி: 22. இதோடு 860 ஆகிவிட்டது. ஆபீஸ் செலவு, டெண்டர் வேலையைப் பார்க்கும் பையனின் சம்பளத்தில் ஒரு பங்கு 40. ஆக 900.

அடுத்து காலத்தின் விலை. எஃகுக் கடைக்காரர் ரொக்கம் கேட்பார். ஆர்டர் வந்த 15-ஆம் நாள் முதல் ரூபாய் கையை விட்டுப் போகும். மாதிரி ஒப்புதல், உற்பத்தி, ஆய்வு, டெஸ்பாட்ச், ஏற்புச் சான்று, பில் என்று சுற்றிக் கடைசி ரூபாய் வர எட்டு, ஒன்பது மாதம். சராசரியாக 6 மாதம் பணம் முடங்கும் என்று வையுங்கள். 5,40,000 ரூபாய்க்கு 12 சதவீத வட்டியில் 6 மாதத்துக்கு 32,400. பீஸுக்கு 54. இந்த 54 ரூபாயை எழுதாத பட்டறைகளைத்தான் இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வட்டி பேங்க் பாஸ்புக்கில் தனியாகப் போவதால் அது அந்த ஆர்டரின் செலவு என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

உத்தரவாதத்துக்காக 32,000 ரூபாய் இருபது மாதம் டெபாசிட்டில் கிடக்கும். ஓ.டி. வட்டிக்கும் டெபாசிட் வட்டிக்கும் உள்ள இடைவெளி சுமார் 3,000, பீஸுக்கு 5. ஆக 959. தாமதத்துக்கு ஒரு பாதுகாப்பாக 10. மொத்தம் 969. இதன் மேல் 10 சதவீத லாபம் 97 சேர்த்தால் 1,066 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி.

799-க்கு எடுத்தவர் ஒரு நாள்கூடத் தாமதம் செய்யாமல், ஒரு குறையும் இல்லாமல் கொடுத்தாலும் பீஸுக்கு 160 வீதம் 96,000 ரூபாய் கைநட்டம். எல்-1 ஆனவரைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்கு முன் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் விலை போட்ட டெண்டரில் ஜெயிப்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு செலவை மறந்தவர்.

விலையோடு சேர்ந்து நிற்கும் நான்கு விஷயங்கள்:

நிலை விலை. டெலிவரிக் காலம் 18 மாதத்தைத் தாண்டினால்தான் விலை மாறுதல் விதி வைக்கலாம் என்பது பொது நிதி விதி. உங்கள் ஆறு மாத ஆர்டருக்கு அது வராது. எஃகு ஏறினால் உங்கள் தலையில்தான். ஆர்டர் வந்த வாரமே முழு எஃகையும் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

கூடுதல் ஆர்டர் விதி. ஒப்பந்தக் காலத்துக்குள் அதே விலையில் 50 சதவீதம் வரை கூடுதலாக வாங்கிக்கொள்ளும் உரிமையை வாங்குபவர் வைத்துக்கொள்வது வழக்கம். விலை இறங்கினால் புது டெண்டர் விடுவார். ஏறினால் உங்களிடம் பழைய விலைக்குக் கேட்பார். எஃகு கிலோ 140-லிருந்து 165 ஆனால், அந்த 300 பீஸில் உங்கள் லாபம் 97-லிருந்து 47 ஆகும். டெண்டரில் இந்த விதி இருந்தால் விலையில் கொஞ்சம் இடம் விடுங்கள்.

15 சதவீத எல்லை. பெரிய கம்பெனி எல்-1 ஆகி, உங்கள் விலை அதற்கு மேல் 15 சதவீதத்துக்குள் இருந்தால், எல்-1 விலைக்கு இறங்கினால் குறைந்தது 25 சதவீத அளவை உங்களுக்குத் தரலாம். கடிதம் வந்த சந்தோஷத்தில் 'சம்மதம்' என்று பதில் போட்டுவிடாதீர்கள். கேஜும் ஃபிக்ஸ்சரும் 600 பீஸுக்குப் பிரித்த செலவு. 150 பீஸ்தான் என்றால் அந்த 70 ரூபாய் 280 ஆகிவிடும். கணக்கைத் திரும்பப் போட்டு, கட்டுப்படியாகாவிட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். மறுப்பதில் குற்றம் ஒன்றுமில்லை.

தலைகீழ் ஏலம். திரையில் விலை இறங்கிக்கொண்டே இருக்கும்; கடைசி நிமிடத்தில் யாராவது குறைத்தால் நேரம் நீளும். அது மனிதனைச் சூதாடியாக்கும் ஏற்பாடு. நான் செய்தது: அடிவிலையை ஒரு சீட்டில் எழுதி வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு உட்காருவேன். அந்த எண் வந்ததும் அவள் லேப்டாப்பை மூடிவிடுவாள். இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன். இரண்டு முறையும் அவள் செய்ததுதான் சரி.

பதிவேற்றும் நாள்

1. தொழில்நுட்ப உறை வேறு, விலை உறை வேறு. தொழில்நுட்ப உறைக்குள் போகும் எந்தக் காகிதத்திலும் விலை தெரியக் கூடாது. பழைய ஆர்டர் நகலை அனுபவச் சான்றாகப் போடும்போது கவனம்.
2. விலைப் படிவம் எக்செல் கோப்பாக வரும். பெயரை மாற்றாதீர்கள், வரிசை சேர்க்காதீர்கள், கலத்தை விரிக்காதீர்கள்.
3. ஜெம் தளத்தில் போடும் விலை ஜி.எஸ்.டி. உட்பட. வேறு தளங்களில் வரி தனிக் கட்டத்தில் கேட்கலாம். 1,066-ஐ அப்படியே ஜெம்மில் போட்டால் வரி முழுவதும் உங்கள் பாக்கெட்டிலிருந்து.
4. ஓடும் கடிகாரம் சர்வருடையது. உங்கள் சுவர்க் கடிகாரத்தை நம்பாதீர்கள். முந்தைய நாளே முடித்துவிடுங்கள். கடைசி மணி நேரத்தில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை லேப்டாப் கண்டுகொள்ளாது. இது ஏனோ எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது.

மாதிரியும் ஆய்வும்

ஆர்டர் வந்ததும் மெஷினை ஓட்டிவிடத் தோன்றும். மாதிரி ஒப்புதலாகி, மொத்த உற்பத்திக்கு அனுமதி எழுத்தில் வரும்வரை ஒரு பீஸ்கூடக் கூடுதலாக ஓட்டாதீர்கள். எஃகு வாங்கிப் போடலாம், வெட்டக் கூடாது.

மாதிரியோடு போக வேண்டியவை: ஹீட் எண்ணுடன் எஃகு ஆலைச் சான்று, லேப் அறிக்கை, எல்லா அளவுகளும் எழுதிய அறிக்கை, கேஜ்களின் காலிபரேஷன் சான்று. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஹீட் எண்ணைப் பெயின்டில் எழுதிவிட்டுத்தான் அறுக்க வேண்டும். எண் இல்லாத துண்டு இரும்புக்கடைக்குத்தான் லாயக்கு.

இனி என் கதை. ஒரு பொதுத்துறை ஆலைக்கு 280 பின். டிராயிங்கில் குறிப்பு: பிளேட்டிங் முடிந்த 4 மணி நேரத்துக்குள் ஓவனில் வைத்துச் சூடாக்க வேண்டும். கடினமாக்கிய எஃகுக்குப் பிளேட்டிங் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். உடனே சுட்டு வெளியேற்றாவிட்டால் பின் எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரு நாள் பட்டென்று ஒடியும். எனக்கு இது தெரியும். ஜாப் கார்டில் என் கையாலேயே தமிழில் எழுதினேன்: 'பிளேட்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் பேக்கிங்.'

எங்கள் சூப்பர்வைசர் பொறுப்பானவர். பிளேட்டிங் கடையிலேயே போய் நின்று, சரக்கு வெளியே வந்த மூன்று மணி நேரத்தில் 280 பின்னையும் எண்ணெய்க் கவரில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, நேரத்தையும் பேனாவால் எழுதி வைத்துவிட்டார்.

ஆய்வாளர் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். கேஜ் போட்டார், எல்லாம் சரி. "ஓவன் சார்ட் கொண்டாங்க" என்றார்.

நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "அண்ணா, பேக்கிங் பண்ணுனு தானுங்க எழுதியிருந்தீங்க?"

சார்ட் இல்லை. நாலு மணி நேரம் தாண்டிய பின் ஓவனில் வைத்தால் ஆகாது. 280 பின்னும் போனது. ஆய்வாளர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பின் டிரைவர் காலுக்குக் கீழே போகிறது. அன்றிலிருந்து ஜாப் கார்டில் 'ஓவனில் சுடு' என்றுதான் எழுதுகிறோம்.

இதிலிருந்து எடுத்த நடைமுறை: டிராயிங் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரே 'யார் செய்வது, என்ன சான்று' என்று ஒரு தாளில் எழுதுங்கள். சான்று என்ற கட்டத்தில் வெறும் கோடு இருந்தால் அந்த வேலை ஆய்வில் நிற்காது. ஆய்வாளர் வருவதற்கு முந்தைய நாள் அந்தத் தாளை வைத்து நீங்களே ஆய்வாளராக உட்கார்ந்து பாருங்கள். கேஜ்களின் காலிபரேஷன் தேதி கடந்துவிட்டதா என்பதையும்.

தாமதமானால் என்ன? பரவலாக இருக்கும் விதி, தாமதமான சரக்கின் மதிப்பில் வாரத்துக்கு 0.5 சதவீதம் அபராதம். உச்சவரம்பு ஒப்பந்தத்தில் இருக்கும். நம் 600 பின் முழுவதும் நான்கு வாரம் தள்ளிப்போனால் சுமார் 12,800 ரூபாய், பீஸுக்கு 21. கணக்கில் வைத்த 10 ரூபாய் போதாது என்பதைக் கவனியுங்கள். தேதி முடிவதற்கு முன்பே காலநீட்டிப்புக்கு எழுதிக் கேளுங்கள். தேதி முடிந்த பின் கேட்பவருக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. தாமதம் அவர்கள் பக்கம் என்றால், உதாரணமாக மாதிரி ஒப்புதலுக்கு ஐம்பது நாள் எடுத்துக்கொண்டார்கள் என்றால், அந்த வாரமே ஒரு மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

பணம்

ஜெம் வழியாக என்றால், சரக்கைப் பெற்று ஏற்றுக்கொண்ட சான்று ஆன்லைனில் உருவான 10 நாளில் பணம் தர வேண்டும் என்பது விதி. அந்தச் சான்று உருவாகத்தான் நாளாகும். சரக்கு இறங்கிய நாளிலிருந்து வாரம் ஒரு முறை, சம்பந்தப்பட்ட ஸ்டோர் அதிகாரியிடம், "சார், நம்ம பெட்டி பிரிச்சாச்சுங்களா?" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டே இருங்கள். கோபப்பட்டு ஆகப்போவதில்லை.

பில்லில் நிற்கும் காரணங்கள் அநேகமாக அற்பமானவை. ஆர்டரில் 'பின்', பில்லில் 'ஷாஃப்ட் பின்'. ஆர்டரில் இருக்கும் வகைப்பாட்டு எண் வேறு, இன்வாய்ஸில் வேறு. ஆர்டரில் இருப்பதை எழுத்துப்பிழையோடு அப்படியே பிரதி எடுங்கள்.

பணம் இழுத்தால்:

1. டிரெட்ஸ் தளத்தில் பில்லை ஏற்றுங்கள். வாங்குபவர் ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் தள்ளுபடி விலைக்குப் போட்டி போட்டு உடனே பணம் தரும். ஓ.டி. வட்டியைவிடப் பெரும்பாலும் மலிவு, ஏனென்றால் வங்கி பார்ப்பது வாங்குபவரின் நாணயத்தை.
2. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு. முதலில் இதைச் சுட்டி ஒரு கடிதம்.
3. அதற்கும் அசையாவிட்டால் வசதி மன்றத்தில் மனு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இதற்கான வசதி மன்றங்கள் இருக்கின்றன. இது கடைசி ஆயுதம். அதே வாங்குபவரிடம் அடுத்த மாதம் டெண்டர் போடப் போகிறீர்கள் என்பதையும் எடை போட்டு முடிவெடுங்கள்.

கை சுடும் இடங்கள்

கூட்டு சேர்ந்து விலை போடுவது. 'இந்த டெண்டர் நீங்க எடுங்க, அடுத்தது நான்' என்று டீக்கடையில் பேசுவது நம் தொழிற்பேட்டைகளில் சகஜம். போட்டிச் சட்டத்தில் அது ஏலமோசடி. ஒரே கம்ப்யூட்டரிலிருந்து மூன்று பேருக்கு விலை ஏற்றியதை வைத்தே பிடித்துவிடுவார்கள்.

கமிஷன் ஏஜென்ட். "உள்ளே ஆள் இருக்கு" என்பவரிடம் டீ குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவருக்கும் ஏழாண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினால் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் நீங்கள் தப்பலாம்.

டிராயிங். ஜாப் ஒர்க் பட்டறைக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள். அலுவல் ரகசியச் சட்டம் 1923-லிருந்து நடப்பில் இருக்கிறது. எண் போட்ட பிரதி கொடுத்து, கையெழுத்து வாங்கி, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிப் பூட்டி வையுங்கள்.

எஃகு மாற்றம். ஈ.என்.24 கிடைக்கவில்லை, கையில் ஈ.என்.19 இருக்கிறது, 'ரெண்டும் ஒண்ணுதான்' என்பார் கடைக்காரர். எழுத்தில் அனுமதி இல்லாமல் மாற்றினால் அது தயாரிப்புக் குறை என்ற கணக்கில் வராது, மோசடி என்ற கணக்கில் வரும். தடைப் பட்டியலில் பெயர் ஏறினால் ஒரு ஆலையோடு நிற்காது.

கோப்பை மூடும் முன்

பணம் வந்ததும் பலர் அந்தக் கோப்பைக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். உத்தரவாத டெபாசிட் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வாரண்டி முடிந்து 60 நாள்வரை அது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அந்த நாள் தாண்டியதும் அவர்களாக அனுப்பி வைக்க மாட்டார்கள். ஆர்டர் எண், ஏற்புச் சான்று எண், ரசீது எண் மூன்றையும் போட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். என்னுடையது ஒன்று, 38,000 ரூபாய், நான்கு வருடம் அங்கேயே தூங்கிக் கிடந்தது. ஆடிட்டர் கேட்ட பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது. கடிதம் போட்ட பதினோராம் நாள் வந்து சேர்ந்தது.